கை நிற்க ஒரு வாய்

என்னை சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று காலை, பயிற்சிக்கு வந்திருந்த நர்ஸ் பெண் ஒருத்தி என் கையில் நரம்பு தேடினாள். ரப்பர் குழாயால் கட்டினாள், தட்டினாள், தடவினாள், குத்தினாள். வலது கையில் மூன்று குத்து, இடது கையில் இரண்டு. ஒன்றிலும் ரத்தம் வரவில்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. குத்து வாங்கியவன் சிரிக்கிறான், குத்தியவள் அழுகிறாள்.

"சிஸ்டரே, அங்கெல்லாம் காலி பண்ணிட்டுப் போயாச்சு. இடது கால்ல, கணுக்காலுக்கு மேல ஒண்ணு பாக்கி இருக்கு. கஷ்டகாலத்துக்குன்னு தொடாம வெச்சிருந்தேன். எடுத்துக்குங்க," என்றேன்.

அந்தப் பக்கமாக வந்த பெரிய சிஸ்டர் ஏலியம்மா நின்று பார்த்தார்.

"தமாசக்காரன் ஆணல்லோ. நினக்கு வயசு எத்ர மோனே?"

"இருபத்தொன்பது."

"கைக்கு எழுபது," என்று சொல்லிவிட்டு, காலில் அவரே குத்தினார். ஒரே குத்து. அவர் சிரிக்கவில்லை. அந்த வார்டில் நான் சொன்ன எதற்கும் அவர் சிரித்ததில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

என் பெயர் பேச்சிமுத்து. ஊர் மட்டாஞ்சேரி. அப்பா சுடலை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொச்சிக்கு வந்து கார்ப்பரேஷனில் சாக்கடை வேலைக்குச் சேர்ந்தவர். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது மலையாளம். தமிழ் எழுத்து, பலசரக்குப் பொட்டலம் சுற்றி வரும் பத்திரிகைத் தாளைப் பிரித்துப் பிரித்துக் கற்றது. கடைக்காரன் கிழித்த இடத்தில் கதை நின்றுவிடும், மிச்சத்தை நானே இட்டுக்கட்டிக்கொள்வேன். இதில் அப்படி எதையும் இட்டுக்கட்டவில்லை. இட்டுக்கட்டுவதாக இருந்தால் என்னை இன்னும் கொஞ்சம் நல்லவனாகக் காட்டியிருப்பேன்.

எழுபதுகளின் கடைசியில், இப்போது இல்லாமல் போன ஒரு சின்ன நர்சிங் ஹோமில் நான் அட்டெண்டராக இருந்தேன். ஆபரேஷன் முடிந்ததும் அறையைக் கழுவி, மருந்துக் குப்பிகளைப் பெருக்கிக் கொட்டுவது என் வேலை. அதில் ஒரு குப்பி பெத்தடின். வயிற்றைக் கிழித்தவர்களுக்கு வலி தெரியாமலிருக்கப் போடும் ஊசி. அபினுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி என்று பின்னால் டாக்டர் சொன்னார். சில நோயாளிகளுக்குப் பாதிதான் போடுவார்கள், மீதி குப்பியிலேயே கிடக்கும். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றைத் தூக்குவாளியில் வாங்கிவந்து மறுநாள் காலை வரை வைத்துத் தின்ற குடும்பம் நாங்கள். மிச்சத்தைக் கொட்ட எனக்கு மனம் வருமா? துருப்பிடித்த தகரம் கீறி என் காலில் சீழ் கட்டியிருந்த ஒரு நாள், வலிக்காக முதல் தடவை போட்டுக்கொண்டேன். வலி போயிற்று. வலியோடு வீட்டு வாடகை, அப்பாவின் இருமல், தங்கத்தின் சலிப்பு எல்லாம் போயின. தங்கம் என் பெண்டாட்டி. இவ்வளவு சல்லிசாக ஒரு சுகம் உலகத்தில் இருக்கிறது, அதைத் தரையோடு பெருக்கித் தள்ளுகிறார்களே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆறு மாதத்தில் சுகம் போய்விட்டது. பிறகு போட்டதெல்லாம் சுகத்துக்கு இல்லை, மனுஷனாக எழுந்து நிற்பதற்கு. நாலு வருஷம் அப்படி. நடுவில் பிடிபட்டேன், வேலை போயிற்று. ஒரு கம்பவுண்டரைப் பிடித்து விலைக்கு வாங்க ஆரம்பித்தேன். எதை விற்றேன் என்று பட்டியல் போட்டால் நீண்டுபோகும், ஒன்று சொன்னால் போதும். சாக்கடையில் இறங்கக் கார்ப்பரேஷன் அப்பாவுக்குக் கொடுத்த ரப்பர் கம்பூட்ஸை விற்றேன். அவர் அதை ஒரு நாளும் போட்டதில்லை. பெண்ணுக்குச் சீர் எடுத்துவைத்தது மாதிரி கட்டிலுக்கடியில் துணி சுற்றி வைத்திருந்தார். பெரிய ஆபீசர் வந்து பார்க்கும் நாளில் மட்டும் போடுவாராம். ஆபீசர் வருகிற நாள் ஒன்று வரத்தான் செய்தது. வெறும் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு வெறுங்காலோடு போனார். கண்ணாடிச் சில்லு கிழித்து, காலில் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். "எலி கொண்டு போயிருக்கும்லே," என்றார். கம்பூட்ஸைத் தூக்கிப் போகும் எலி!

தங்கம் போனது கம்பூட்ஸுக்காக இல்லை. எங்கள் மகள் லீலாவுக்கு அப்போது நாலு வயது. ஒரு நாள் தங்கம் செம்மீன், அதாவது இறால், உரிக்கிற ஷெட்டிலிருந்து வந்தபோது, லீலா மூலையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். என்னுடைய காலிக் குப்பிகளைப் பொறுக்கி வரிசையாக அடுக்கியிருந்தாள். துணிப்பொம்மையின் கையை நூலால் இறுக்கிக் கட்டி, துடைப்பக் குச்சியால் குத்தினாள். பிறகு பொம்மையைப் படுக்கவைத்து, "அம்மே, பேசாதே. அச்சன் ஒறங்குது," என்றாள்.

தங்கம் குனிந்தாள். குப்பிகளைப் பொறுக்கி என் சட்டைப் பையில் போட்டாள், குழந்தையைத் தூக்கினாள், தோப்பும்படியில் இருக்கும் அவளுடைய அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பாவிடம் சொல்லியனுப்பியது இதுதான்: ஆஸ்பத்திரியில் இருபத்தொரு நாள் முழுசாக இருக்க வேண்டும். முடித்துவிட்டான் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அந்தக் காகிதம் வந்தால் அவளும் லீலாவும் வருவார்கள். வராவிட்டால் லீலாவுக்கு அச்சன் கிடையாது.

ஆகவே படகு ஏறி எறணாகுளம் வந்து படுத்தேன். மட்டாஞ்சேரி ஜெட்டியில் எவனோ, "எங்கோட்டா முத்து?" என்றான். "தேன்நிலவுக்கு," என்றேன். பக்கத்தில் அப்பா, கையில் என் பாயும் சொம்பும்.

டாக்டர் ஒல்லியான மனிதர், சின்ன வயது. திருச்சூர்க்காரர், எனக்காகத் தமிழ் கலந்து பேசுவார். முதல் நாள் ரத்தப் பரிசோதனை எழுதினார். அதில் ஒன்றின் பெயர் 'ஆஸ்திரேலியா' என்று தொடங்கியது. "டாக்டரே, வல்லார்பாடம் மாதா கோயில் பெருநாள்தான் நான் போன தூரம். ஆஸ்திரேலியாவில் எனக்கென்ன சோலி?" என்றேன். ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவர் குத்திக்கொண்டால் பரவுகிற ஒரு மஞ்சள்காமாலை உண்டு, அது ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை என்று அவர் விளக்கினார். மூன்று நாள் கழித்து முடிவு வந்தது. இருந்தது. ஈரல் வீங்கியிருந்தது. தொடையில் ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி. அதைக் கிழித்து எடுத்தார்கள். வலிக்கு ஊசி போடமாட்டோம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். வலி தெரியாத மருந்துக்காகப் படுத்தவனுக்கு வலி தெரியாத மருந்து கிடையாது. நியாயம்தான். அலறிக்கொண்டே ஒத்துக்கொண்டேன்.

பிறகு வீட்டைப் பற்றிக் கேட்டார்.

"வீட்டில் ஆரெங்கிலும் குடிக்குமோ?"

"யாரும் குடிக்கிறதில்ல டாக்டர். வேலைக்குப் போறதுக்கு முந்தி சாப்பிடறதுதான்."

தமாஷ் இல்லை, அப்படித்தான் நம்பியிருந்தேன். எங்கள் வீட்டில் சாராயம் ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. மண்வெட்டி, வாளி, கயிறு மாதிரி ஒரு வேலைச் சாமான். தொட்டிக்குள் இறங்குகிறவன் குடிக்காமல் இறங்கினால் மூக்கு வேலை செய்யும். மூக்கு வேலை செய்தால் கை வேலை செய்யாது. அப்பாவின் செட்டில் ஆறு பேர். வருஷக்கணக்காகக் குடித்த உடம்பு காலையில் நடுங்கும். நடுங்கும் கையோடு ஒருவன் கயிறு பிடித்தால் உள்ளே இருப்பவன் உயிர் போய்விடும். ஆகவே காலையில் எல்லோரும் வரிசையாக நின்று கையை நீட்டிக் காட்டுவார்கள். எவன் கை ஆடுகிறதோ அவனுக்கு மற்றவர்கள் சேர்ந்து ஒரு வாய் வாங்கி ஊற்றுவார்கள். 'கை நிக்க' என்று அதற்குப் பெயர். ஊற்றியதும் கை நின்றுவிடும். கை நின்றவன் இறங்குவான். கூட்டாளிக்குக் கை நிற்கக் கொடுக்காதவனை அந்த ஆறு பேரும் மனுஷனாக மதிக்கமாட்டார்கள். புதிதாக வந்தவனுக்குக் கை ஆடாவிட்டாலும் முதல் நாள் ஒரு வாய் உண்டு. பதினாலு வயதில் ஒரு நாள் ஆள் குறைந்தபோது கயிறு பிடிக்கப் போனேன். எனக்கும் ஊற்றினார்கள். எனக்குப் புரை ஏற, அப்பாதான் இடுப்பில் கட்டியிருந்த முண்டால் வாயைத் துடைத்துவிட்டார்.

தங்கத்துக்கும் இந்தக் கணக்கு தெரியும். அவள் அப்பனும் அதே செட்டில் இருந்தவன். நான் வீட்டுக்குள் நுழையும்போது, "கையை நீட்டுங்க," என்பாள். நீட்டுவேன். பெத்தடின் ஏறியிருந்தால் என் கை கல்லில் செதுக்கின மாதிரி நிற்கும். "நல்லா நிக்குது. போட்டுட்டு வந்திருக்கீங்க," என்று உள்ளே போய்விடுவாள்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரு தாளில் படம் வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். குடித்தவர்களின் சதுரத்தைப் பேனாவால் கறுப்பாக நிரப்பினார். தாத்தா, பெரியப்பா இரண்டு பேர், அப்பா, மாமனார், நான். வரிசையாகக் கறுப்பு. அடியில் ஒரு சின்ன வட்டம், லீலா. அதை மட்டும் வெள்ளையாக விட்டார்.

"பார், முத்து. ரத்தத்தில் கொஞ்சம் வரும். அதைவிட, கண்டு வளர்கிறதில் வரும். நடுங்கினால் எதையாவது போட்டு நிறுத்தணும் என்று நீ சின்னதிலே படித்துவிட்டாய். அப்பன் சாராயத்தில் செய்ததை நீ ஊசியில் செய்தாய். இந்தக் குழந்தை துடைப்பக் குச்சியில் தொடங்கியிருக்கு. இந்த வட்டம் வெளுப்பாகவே இருக்கணும். அதுக்குத்தான் ஈ இருபத்தொண்ணு நாள்."

அன்று பார்வை நேரத்தில் அப்பா வந்தார். டாக்டர் மறந்துபோய் என் கட்டிலில் விட்டிருந்த அந்தத் தாளை எடுத்து, வெளிச்சத்தில் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். எது யார் என்று சொன்னேன்.

"நம்ம குடும்பத்தை இவ்வளவு அழகா எவனும் எழுதிவெச்சதில்லலே," என்றார் அப்பா. "எங்கப்பனுக்குக்கூட ஒரு கட்டம் போட்டிருக்காரு பாரு."

மருந்தை நிறுத்தினால் உடம்பு செய்யும் கலாட்டாவைத் தாங்குவதுதான் முதல் பத்து நாளின் வேலை. மூக்கு ஒழுகும், கண் ஒழுகும், வயிறு ஒழுகும். எலும்புக்குள் யாரோ ஈரத்துணி முறுக்குவது மாதிரி இருக்கும். மயிர்க்கால் எல்லாம் நட்டுக்கொண்டு நான் உரித்த கோழி மாதிரி ஆனேன். கால் தானாக உதைக்கும். இதற்கு உயிர் போகாது, போனால் தேவலை என்று மட்டும் தோன்றும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தூக்கத்துக்குக் கனமான மருந்து கொடுத்தார்கள். என் கட்டில் தலைமாட்டில் ஒரு அட்டை தொங்கியது. தினம் காலையில் சிஸ்டர் ஏலியம்மா அதில் எத்தனையாவது நாள் என்று எழுதுவார். வார்டில் மற்றவர்கள் கடிகாரம் பார்ப்பார்கள், நான் அட்டையைப் பார்ப்பேன்.

பக்கத்துக் கட்டில் ஔசேப்பச்சன் சேட்டன். வைப்பீன் தீவுக்காரர், படகு வேலை, கள்ளால் ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தவர். வயிறு மட்டும் ஒன்பது மாசம். நான் உதைத்துத் தள்ளும் போர்வையைத் தினம் இருபது தடவை எடுத்துப் போர்த்துவார். "எடா பாண்டி, நினக்குப் போர்வை வேண்டங்கில் பற. எனிக்கு இதொரு ஜோலியாயி," என்று, வேண்டாமென்றால் சொல்லித் தொலை என்கிற மாதிரி திட்டிக்கொண்டே போர்த்துவார். அங்கே தமிழன் என்றால் பாண்டி. அப்பா கொண்டுவரும் துவைத்த லுங்கியைப் பிரித்தால் செம்மீன் வாசம் அடிக்கும். தங்கம் வரவில்லை, பேச்சு அனுப்பவில்லை. ஆனால் ஷெட்டில் விரல் வெடித்த கையோடு யாரோ என் லுங்கியைத் துவைத்து மடித்திருக்கிறார்கள். அதை முகத்தில் வைத்துக்கொண்டுதான் படுத்திருந்தேன்.

ஆறாவது நாள். பார்வை நேரம், சாயங்காலம் நாலு மணி. நான் வில்லாக வளைந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்திருந்தார். கை ஆடியது. பிடித்த அவர் கையும் சேர்ந்து ஆடியது. யார் ஆட்டத்தில் யார் ஆடுகிறோம் என்று தெரியவில்லை.

"இதுக்கா இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி?" என்றார். பையிலிருந்து ஒரு அரிஷ்டக் குப்பியை எடுத்தார். வைத்தியசாலை லேபிள் ஒட்டிய பழுப்புக் குப்பி. வாச்மேன் அரிஷ்டம் என்று நினைத்து விட்டிருக்கிறான். மூடியைத் திறந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"யப்பா, வேண்டாம். டாக்டர்..."

"ஊசி, மாத்திரை எல்லாம் எனக்குத் தெரியாதுலே. எனக்குத் தெரிஞ்சது இதுதான். ஒரு வாய். கை நிக்கட்டும். எம் புள்ள துடிக்கான், நான் பாத்துட்டு இருக்கவா? செட்டுல கேட்டா என்னைக் காறித் துப்புவான்."

அவர் கண்ணில் நீர் நின்றது. அவருடைய அன்பு அவ்வளவும் அந்தக் குப்பியில்தான் இருந்தது. வேறு பாத்திரம் அவருக்குத் தெரியாது. எனக்கும் நல்ல சாக்கு கிடைத்தது. ஒரு வாய் என்றார், நான் பாதிக் குப்பி குடித்தேன்.

கை நின்றது. அப்பா என் நெற்றியைத் தடவிவிட்டு, நிம்மதியாகப் படகுக்குப் போனார்.

தூக்க மருந்தும் சாராயமும் ஒன்றாகச் சேர்ந்தால், மூச்சு விட வேண்டும் என்பதையே மூளை மறந்துபோகும். இதை எனக்குப் பின்னால் சொன்னார்கள். ஆறரை மணிக்கு நான் நீலமாகிக்கொண்டிருந்ததை முதலில் பார்த்தது ஔசேப்பச்சன். அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவர் வராந்தாவில் ஓடியிருக்கிறார். பிராணவாயு வைத்து, வயிற்றைக் கழுவி, என்னைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

மறுநாள் காலை சிஸ்டர் ஏலியம்மா அட்டையில் ஆறை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினார். அவருக்குப் பின்னால் டாக்டர், கையில் அரிஷ்டக் குப்பி.

"ஆரு கொண்டு வந்நது இது?"

அப்பா என்று சொன்னால் அப்பாவை இனி உள்ளே விடமாட்டார்கள். நான் தருவித்தேன் என்றால் என்னை வெளியே அனுப்புவார்கள், காகிதம் போகும், லீலா போவாள். குப்பி கிடந்தது இரண்டு கட்டிலுக்கும் நடுவில். பக்கத்தில் படுத்திருந்தவர் குடிகாரர் என்று ஊருக்கே தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினேன். பேச்சிமுத்து வாய் திறக்காமல் இருந்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அன்றே ஔசேப்பச்சனை டிஸ்சார்ஜ் செய்தார்கள். அவர் மறுத்துப் பேசவில்லை. குடிகாரன் சத்தியம் செய்தால் யார் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். துணியை மடித்துப் பையில் வைத்துவிட்டு, என் போர்வையைக் கடைசி தடவை இழுத்துவிட்டார்.

"சாரமில்லடா பாண்டி. நீ பேடிச்சு போயி," என்றார்.

பயந்துபோனாய், பரவாயில்லை என்று அர்த்தம். மலையாளத்தில் அது சாதாரணப் பேச்சு. எனக்கு இன்றும் அதைவிடப் பெரிய வசவு ஒன்று தெரியாது.

இரண்டு நாள் அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். எலும்பு வலி குறைந்திருந்தது, அதனால் மற்றதை யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. மூன்றாம் நாள் நாலு மணிக்கு அப்பா வந்தார். நான் மூச்சு நின்றுபோன கதை அவருக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே பையைத் தட்டிக் காட்டினார். இரண்டாவது குப்பி.

"செட்டுல எல்லாரும் போட்டு வாங்கினதுலே. முத்துக்குன்னதும் எவனும் மறுக்கல."

குப்பியைக் கையில் வாங்கினேன். வாய் ஊறியது. பொய் சொல்லமாட்டேன், நன்றாகவே ஊறியது. கண் முன்னால் அந்தத் தாள், வரிசையாகக் கறுப்புக் கட்டம், அடியில் வெள்ளை வட்டம். எழுந்தேன். வார்டு முழுக்க நடந்து, சிஸ்டர் ஏலியம்மாவின் மேஜையில் குப்பியை வைத்தேன்.

"சிஸ்டரே, இது எங்கப்பா கொண்டுவந்தது. முந்தினதும் அவர்தான். ஔசேப்பச்சன் சேட்டன் தொடவேயில்லை. குடிச்சது நான்."

சிஸ்டர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "இது தமாசல்லல்லோ?" என்று கேட்டார்.

"இல்ல."

டாக்டர் என்னை வெளியே அனுப்பவில்லை. நானாகக் கொண்டுவந்து வைத்ததால் அட்டை அப்படியே ஓடும் என்றார். ஆனால் அப்பா இனி வார்டுக்குள் வரக் கூடாது, அதை வாச்மேனிடம் நானே சொல்ல வேண்டும் என்றார். திரும்பி வரச் சொல்லி வைப்பீனுக்குக் கடிதம் போட்டார்கள். ஔசேப்பச்சன் திரும்பி வரவில்லை.

வாசலில் அப்பாவைக் காட்டி, "இவரை விடவேண்டாம்," என்று சொன்னேன். அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் என் கையைத்தான் பார்த்தார். அது ஆடிக்கொண்டிருந்தது.

"என்னைக் காட்டிக் குடுத்துட்டியேலே," என்றார். "கை நிக்கத்தானே கொண்டாந்தேன்."

மறுநாளும் வந்தார். வராந்தா ஜன்னலிலிருந்து பார்த்தேன். மழையில் முண்டை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு குப்பியை உயர்த்தி வாச்மேனிடம் காட்டி ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார். அன்று நிஜமாகவே அரிஷ்டம் வாங்கி வந்திருந்தார், சீல் உடையாத குப்பி. சீலைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறார். வாச்மேன் தலையாட்டுகிறான், விடவில்லை. துவைத்த லுங்கியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டான். மீதி நாள் முழுக்க அப்படித்தான். ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. ஒரு நாள்கூட நான் கீழே இறங்கிப் போகவில்லை. இறங்கினால் அவரைக் கூட்டிக்கொண்டு நேரே சாராயக் கடைக்குப் போய்விடுவேன் என்று எனக்குத் தெரியும்.

இருபத்தொன்றாம் நாள் காகிதம் கிடைத்தது. தோப்பும்படியில் தங்கம் அதை வாங்கி, படிக்கத் தெரிந்தவள், இரண்டு தடவை படித்தாள். பிறகு மடித்து வைத்துவிட்டு, "கையை நீட்டுங்க," என்றாள். நீட்டினேன். மரத்தில் தொங்கும் இலை மாதிரி ஆடியது. அவள் பையை எடுத்துக்கொண்டு லீலாவைக் கூப்பிட்டாள்.

வைப்பீனுக்கும் போனேன், மன்னிப்புக் கேட்கலாம் என்று. ஔசேப்பச்சன் ஜெட்டி ஓரச் சாயாக்கடையில் இருந்தார். வாயில் கள்ளு மணம். "என்டெ ஆசுபத்திரிக் கூட்டுகாரனாக்கும்," என்று எல்லோருக்கும் என்னைக் காட்டினார், சாயா வாங்கிக் கொடுத்தார். குப்பி விஷயத்தை நான் எடுத்த போதெல்லாம் மீன் விலையைப் பற்றிப் பேசினார். மறு மழைக்கு அவர் இல்லை.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் மூன்று வருஷம் கழித்து அதே ஆஸ்பத்திரியில் அப்பா படுத்தார். ஔசேப்பச்சனின் அதே வயிறு. நான் அப்போது கார்ப்பரேஷன் மார்க்கெட்டில் பெருக்குகிற வேலையில் இருந்தேன், மருந்தோ சாராயமோ இல்லாமல். வாசலில் சொன்னதை அப்பா ஒரு நாளும் என்னிடம் திருப்பிக் கேட்டதில்லை. மறந்ததும் இல்லை. நான் கொண்டுபோகும் கஞ்சியைக் குடிப்பார், என் முகத்தைப் பார்க்கமாட்டார்.

கடைசி நாள் காலையில் அங்கிருந்த டாக்டர், "இனி இஷ்டமுள்ளது கொடுத்தோளூ," என்றார். கேட்டதைக் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் எப்போது சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் லீவு, லீலா என்னோடு இருந்தாள். மத்தியானம் செட்டில் மிஞ்சியிருந்த இரண்டு பேர் வந்து, தலைமாட்டில் ஒரு குப்பியை வைத்தார்கள். அப்பாவின் கை போர்வைக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்தது.

"கண்ணு, அந்தக் குப்பியை எடுத்து தாத்தாவுக்குக் குடு," என்றார் லீலாவிடம்.

அவள் எடுத்துவிட்டாள். குழந்தை, தாத்தா கேட்டதை எடுத்தாள். மூடியில் அவளுடைய விரல் இருந்தது. நான் பாய்ந்து பிடுங்கிய வேகத்தில் அவள் பயந்து அழுதாள். கூட்டாளிகளிடம், "இவளை மட்டாஞ்சேரியில கொண்டு விடுங்க, தங்கம் வந்திருப்பா," என்று அனுப்பிவைத்தேன். போகும்போது திரும்பித் திரும்பி என் கையிலிருந்த குப்பியைப் பார்த்தாள்.

அப்பாவும் நானும் மட்டும். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவர் என் முகத்தைப் பார்த்தார். கையை மட்டும் நீட்டிக் காட்டினார், வேலைக்கு நிற்கும் வரிசையில் நீட்டுவது மாதிரி.

கரண்டியில் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கரண்டி. விரலில் வழிந்தது. அவர் முண்டால் அவர் வாயைத் துடைத்துவிட்டேன். கை நின்றது. மூன்று மணி வாக்கில் மற்றதும் நின்றது.

அப்பாவை ஏற்றிய வண்டி வருவதற்குள் வீட்டை ஒழுங்கு செய்ய, முந்தி ஓடி வந்தேன். வாசலில் தங்கம் நின்றாள். ஒரு கை நிலைப்படியில் குறுக்கே. அவளுக்குப் பின்னால் லீலா, அழுத முகம். லீலா சொல்லியிருக்கிறாள்: அச்சன் கையில் குப்பி இருந்தது. நான் பக்கத்தில் போனதும் விரலில் வழிந்த சாராய வாசனை தங்கத்துக்கும் அடித்திருக்கும். ஆஸ்பத்திரிக் குழாயில் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை.

சொல்லத் தொடங்கினேன். அவள் கேட்கவில்லை.

"கையை நீட்டுங்க."

நீட்டினேன். ஐந்து விரலும் தனித்தனியாக ஆடின. அழுகையோ, பயமோ, அப்பாவோ தெரியவில்லை. அப்படி ஒரு நடுக்கம் ஆஸ்பத்திரியில்கூட வந்ததில்லை. மானம் போகிறதே என்று நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை.

தங்கம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு நிலைப்படியிலிருந்து கையை எடுத்தாள்.